நிறுத்திய இதயமும் நிறுத்தாத இதயமும்

தம்பிக்கு,

உன் வழியனுப்பு விழாவுக்கு நானும் அப்பாவும் வரப்போவதில்லை. நீ போனில் கேட்டபோது "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். அப்போதே முடிவு செய்துவிட்டேன். வாயால் சொல்லத் தொடங்கினால் நிதானம் தவறிவிடும் என்று பயந்துதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மேல்படிப்புக்கு வெளிநாடு போகிற பிள்ளைக்குத் தாய் எழுத வேண்டியது ஆசீர்வாதம். எனக்கோ பல மாதங்களாக உன்னை நினைத்தாலே குமட்டிக்கொண்டு வருகிறது. கோபம் என்றால் ஆறியிருக்கும், வருத்தம் என்றால் அழுது தீர்த்திருப்பேன். இது அருவருப்பு. பெற்ற பிள்ளை மேல் இது வரும் என்று எனக்கே தெரியாது. உன் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டுச் சால்வை போர்த்தப் போகிறார்கள் என்றாய். அந்தச் சால்வை என் தோளில் பட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அதனால் வரவில்லை. காரணத்தை முழுசாகச் சொல்கிறேன். படித்து முடித்துவிட்டுக் கோபப்படு.

அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த எண்பத்தேழில் நீ பிளஸ் டூ, ஹாஸ்டலில் இருந்தாய். உன் பரீட்சை கெட்டுவிடும் என்று பாதியைச் சொல்லாமலே விட்டோம். அதனால் அந்த ஆபரேஷனைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா உடம்பில் இருக்கும் தழும்புகளும், பிறகு நீ புத்தகத்தில் படித்ததும்தான். மில்லில் ஏணி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷனை மெட்ராஸுக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு வயசான டாக்டர். முகத்தில் சிரிப்பே கிடையாது. எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். "நெஞ்செலும்பை நடுவுல அறுத்துத் திறப்போம். ரத்தத்தை ஒரு மெஷினுக்குத் திருப்பிவிட்டுட்டு இதயத்தை நிறுத்திடுவோம். அது அசையாம இருக்கும்போது, கால்ல இருந்து எடுத்த ரத்தக்குழாயை அடைப்பைத் தாண்டி ஒட்டவச்சுத் தைப்போம். அப்புறம் இதயத்தை மறுபடி ஓடவிடுவோம்" என்றார்.

"நிறுத்துனா பொறவு ஓடலன்னா?" என்று நான் கேட்டேன். "சில பேருக்கு ஓடாதும்மா" என்றார். அப்படியே சொன்னார். அப்பாதான், மில் ஃபிட்டர் இல்லையா, "சார், ஆபரேஷன் நடக்கும்போது கரண்டு போயிட்டா மெஷினை என்ன செய்வீக?" என்று கேட்டார். அந்த டாக்டர் முதல்தடவையாகச் சிரித்தார். "கைப்பிடி இருக்கு. கையால சுத்துவோம்." அப்பாவுக்கு அந்தப் பதிலில்தான் தைரியம் வந்தது. பிறகு அவர் மற்றதையும் சொன்னார். காலில் வெட்டிய இடம் ஆறுவதற்கு நாளாகலாம், சீழ் வைக்கலாம். மெஷினில் இருந்து வந்தவர்களில் சிலருக்கு ஞாபகம் முன்னைப்போல இருக்காது. காலிலிருந்து எடுத்த குழாய் பத்து வருஷம் போல உழைக்கும், பிறகு அதுவும் அடைக்கலாம். "எல்லாம் சொல்லிட்டேன். வெளியில போய் உட்கார்ந்து பேசிட்டு வாங்க. வேண்டாம்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்து பேசினோம். பேசினோம் என்ன, அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "செஞ்சுருவோம்ட்டி" என்றார்.

அவர் சொன்னதெல்லாம் நடந்தது. கணுக்காலில் இருந்து தொடை வரை போட்ட தையல் பாதியில் பிரிந்துகொண்டது. ராஜபாளையம் வந்து சேர்வதற்குள் சீழ். அந்த நாற்றம் வீட்டில் பாயிலும் தலையணையிலும் ஏறியது. நான் பேண்டேஜ் கம்பெனியில் வெள்ளைத்துணியை மடித்து மடித்துப் பொட்டலம் போட்டு எத்தனையோ வருஷம் கழித்தவள். அது எதற்குள் போகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். அப்பா காலைத் தூக்கி மடியில் வைத்துப் பழைய துணியை உரிக்கும்போது ஓங்கரிப்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓங்கரித்துவிட்டு மறுபடி துடைப்பேன். அவருக்கு அது தெரியும். "ரொம்ப வாடையா இருக்கோ?" என்று கேட்பார். கால் ஆறியது. ஞாபகம்தான் முழுசாகத் திரும்பவில்லை. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயர் வராமல் நிற்பார். தெரிந்த முகத்தைப் பார்த்துச் சிரிப்பார், பெயர் வராது. மில்லில் அவரை மிஷின் பக்கம் விடாமல் ஸ்டோருக்கு மாற்றினார்கள். அதற்காக ஒரு நாள் அழுதார். ஆனால் அந்த டாக்டரை ஒரு நாளும் குறை சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை. எங்களுக்குத் தெரியாமல் எங்கள் மேல் எதுவும் நடக்கவில்லை. தெரிந்துதான் தலையைக் கொடுத்தோம்.

நீ இருதய ஆபரேஷன் படிக்கப் போகிறேன் என்றபோது நான் பூரித்துப்போனதற்கு அந்த மெட்ராஸ் டாக்டர்தான் காரணம். என் பிள்ளையும் எவளோ ஒருத்தியை எதிரே உட்காரவைத்து அப்படிப் பேசுவான் என்று நினைத்தேன். மதுரையில் அந்தப் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் நீ சேர்ந்த புதிதில் வீட்டுக்கு வந்து சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "மெஷினே வேண்டாம்மா. இதயத்தை நிறுத்தவே வேண்டாம். அது துடிச்சுக்கிட்டு இருக்கும்போதே, தைக்கிற இடத்தை மட்டும் ஒரு கருவி அசையாமப் பிடிச்சுக்கிடும்" என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னாய். காலைக் கிழித்துக் குழாய் எடுக்கிற வேலையையும் குறைக்கலாம், நெஞ்சுக்குள்ளேயே ஓடுகிற ஒரு குழாயைப் பிரித்துத் தைத்தால் அது காலில் எடுத்ததைவிட வருஷக்கணக்கில் கூடுதலாக உழைக்கும் என்றாய். அப்பா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஓடுற மிஷின்ல கை வைக்காதலேன்னு புதுசா வாரவங்களுக்கு நாங்க சொல்லிக்குடுப்போம். நீ ஓடும்போதே பெல்ட் மாத்துதவனால்ல வந்துருக்க!" என்று உன் முதுகில் தட்டினார். அன்றைக்கு நீ சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கும், மெஷினில் போட்டால் மூளைக்கு ஆபத்து வரக்கூடியவர்களுக்கும் அந்த முறை ஒரு வரம் என்றுதான் சொல்கிறார்கள். ஆகையால் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். எனக்கு உன் புது ஆபரேஷன் மேல் அருவருப்பு இல்லை.

தொண்ணூற்றெட்டில் ராஜபாளையம் கல்யாண மண்டபத்தில் உங்கள் ஆஸ்பத்திரி போட்ட இருதய முகாம் விஷயத்துக்கு வருகிறேன். இலவசப் பரிசோதனை என்று ஊரெல்லாம் ஆட்டோவில் மைக் வைத்துக் கத்தினார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. மில்காரர்கள், கடைக்காரர்கள், வத்திராயிருப்புப் பக்கமிருந்து வேன் பிடித்து வந்த, வெள்ளாமை செய்கிற சம்சாரிகள். மேடையில் உன் பெரிய டாக்டர் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். நீ மைக்கைப் பிடித்துப் பேசினாய். நன்றாகத்தான் பேசினாய். பிறகு அப்பாவைக் கூப்பிட்டாய். முதல்நாள் எங்களிடம் சொன்னது, "சும்மா மேடைல வந்து உக்காந்தா போதும்ப்பா" என்பதுதான். அதற்காக அவர் சட்டையை இஸ்திரி போட்டு வாங்கி வைத்திருந்தார்.

"இவங்க எங்கப்பா. இவங்களுக்குப் பழைய முறையில, இதயத்தை நிறுத்தி ஆபரேஷன் பண்ணினாங்க. அந்த மெஷின்ல போட்டா என்ன ஆகும்னு நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு, மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாய். "அப்பா, இப்ப மண்டபத்து வாசல்ல உங்ககூடப் பேசிக்கிட்டு இருந்தாங்களே, அவங்க பேர் என்ன?" அப்பாகூட மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்தவர் அவர். அப்பா யோசித்தார். "அவருதான்... நம்ம... அந்த இவரு..." என்றார். கூட்டத்தில் சிரிப்பு வந்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். தன்னுடைய பிள்ளை ஏதோ நல்லதுக்குத்தான் கேட்கிறான் என்று சிரித்தார். "பாத்தீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாய். அதோடு விட்டாயா? "வேட்டியைக் கொஞ்சம் தூக்குங்கப்பா" என்றாய். ஊரே பார்க்க அவர் வேட்டியைத் தொடை வரை தூக்கிக்கொண்டு நின்றார். நான் மடியில் வைத்துச் சீழ் துடைத்த கால் அது. நீ அதை ஒரு குச்சியால் தொட்டுக் காட்டினாய். தம்பி, அந்தக் காலைத் துடைத்தபோது எனக்கு வந்த ஓங்கரிப்பு உடம்பில் வந்தது. அன்றைக்கு வந்தது வேறு. அது இன்னும் போகவில்லை.

அடுத்ததாகக் கூப்பிட்டது சங்கரபாண்டி ஹவில்தாரை. மகாராஜபுரத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றுத் தென்னந்தோப்பு பார்த்துக்கொண்டிருந்தவர், உங்கள் ஆஸ்பத்திரியில் புது முறையில் ஆபரேஷன் செய்துகொண்டு சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. "சட்டையைக் கழட்டுங்க ஐயா" என்றாய். அந்த மனுஷன் ஒரு கணம் பெண்கள் பக்கம் பார்த்தார். பிறகு கழற்றினார். இடது மார்புக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கோடு. "இவ்வளவுதான்! நெஞ்செலும்பை அறுக்கல, காலைக் கிழிக்கல, இதயத்தை நிறுத்தல!" என்றாய். அவரை மேடைப்படியில் இறங்கி ஏறச் சொன்னாய். வேகமாக இன்னொரு தடவை என்றாய். பட்டாளத்துக்காரர், சொன்னதைச் செய்தார். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை. தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மேலே வந்த அவர் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. நீயும் பார்த்தாய். பார்த்துவிட்டு மைக்கோடு இந்தப் பக்கம் திரும்பி அவரை மறைத்துக்கொண்டு நின்றாய்.

சாப்பாட்டுக்கூடத்தில் அவர் சம்சாரம் வெள்ளத்தாயைத் தேடிப்போய்ப் பேசினேன். அவள் என்னைவிட இளையவள். "என்னம்மா, அவருக்கு மூச்சு வாங்குதே?" என்றேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "கிணத்து மேடு ஏறுனாலே வாங்குதும்மா. முன்னமாரியேதான் இருக்கு. டாக்டர்மார்ட்ட சொல்லிராதீய. அம்புட்டுப் பேருக்கு முன்னால கைதட்டு வாங்கிட்டு வந்துருக்காவ, இப்பப் போயி வலிக்குன்னா கோவிச்சுக்கிடுவாவ" என்றாள்.

நான் நேராக உன்னிடம் வந்தேன். நீ உன் பெரிய டாக்டருக்கு எதிர்ப்பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தாய். உன் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ஹவில்தாருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று மெதுவாகக் கேட்டேன். நீ சாம்பார்சாதத்தைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னாய். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் இருக்கிறது.

"அவருக்கு ரெண்டு அடைப்பும்மா. முன்னால ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. முன்னால இருக்கறதைச் சரிபண்ணியாச்சு. பின்பக்கத்துக்கு அந்தச் சின்ன வெட்டு வழியா கை எட்டாது."

"அப்ப பின்னால உள்ளது?"

"அப்படியேதான் இருக்கு. மாத்திரை குடுத்திருக்கு."

"ஏன், பெருசாத் திறந்து ரெண்டையும் செய்ய முடியாதா?"

"முடியும். மெஷின்ல போட்டு நிறுத்திச் செஞ்சா ரெண்டையும் சுலபமாச் செய்யலாம். ஆனா அப்ப அது அப்பாவுக்குச் செஞ்ச அதே பழைய ஆபரேஷன் ஆயிரும்லம்மா. சாருக்கு இந்த முகாமுக்குச் சின்னத் தழும்பு உள்ள ஆள் ஒருத்தர் வேணும்."

"அவர்ட்ட சொன்னியளா, ஒண்ணை விட்டுட்டோம்னு?"

"சொன்னா பயந்துருவாரும்மா." இதைச் சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாய். "நீங்க சாப்பிடுங்க. பாயசம் வருது."

உன் பெரிய டாக்டர் எதிரேயிருந்து, "அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வைங்க" என்று பரிமாறுகிறவனிடம் சொன்னார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். கை கழுவுகிற இடத்தில் வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேடையில் தன்னைக் காட்சிப்பொருளாக்கியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹவில்தார் விஷயத்தைக் கேட்டுத்தான் எழுந்து நடந்தார். "வேலைய பாதில விட்டுட்டு முடிஞ்சதுன்னு மிஷினை ஓடவிடுவானா? ஒரு ஃபிட்டர் அப்படிச் செஞ்சா மில்ல விட்டு அனுப்பிருவோம்" என்றார். அந்த வாரத்தில் ஒரு நாள் இருவருமாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து பஸ் மாறி மகாராஜபுரம் போனோம். உன் பேஷண்டிடம் போய்ப் பேச எனக்கு என்ன உரிமை என்று நீ பின்னால் கேட்டாய். வழியெல்லாம் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு போனேன். வயலும் தென்னையுமாக அந்தப் பாதை அவ்வளவு அழகு. எனக்கு எதுவும் கண்ணில் ஏறவில்லை.

ஹவில்தார் சட்டைப் பட்டன் எல்லாம் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து கும்பிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டார். வெள்ளத்தாய்தான், "நாஞ் சொன்னேம்லா, நாஞ் சொன்னேம்லா" என்று முணுமுணுத்தாள். அவர் அவளைக் கையமர்த்திவிட்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, அந்த மெஷின் ஆபரேசன் எம்புட்டுச் செரமம்?"

அப்பாவுக்கு அன்றைக்கு வார்த்தை ஒழுங்காக வந்தது. "செரமந்தான். ரெண்டு மாசம் திரும்பிப் படுக்க முடியாது. கால் நாறும். பேரெல்லாம் மறந்துபோகும். இந்தா, உங்க பேரை வாரவழில இவட்ட கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன். ஆனா படி ஏறுனா மூச்சு வாங்கல."

ஹவில்தார் சட்டைக்கு மேலாகவே தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அவிய என்னைய கேட்டுருந்தா ரெண்டையும் சேத்துச் செஞ்சிருங்கன்னு அன்னைக்கே சொல்லிருப்பேன். தழும்பு எம்புட்டு நீளமா இருந்தா எனக்கென்ன, நான் என்ன மாப்பிள்ளையா?" என்றார். சிரிக்க முயன்றார். மறுவாரம் மதுரைக்குப் போய் நேரில் கேட்கிறேன் என்றார்.

போனார். அங்கே நடந்ததை வெள்ளத்தாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ அந்த அறையில்தான் இருந்தாய், உன்னால் மறுக்க முடியாது. உன் பெரிய டாக்டர் அவரிடம், "யாரோ ஒரு பொம்பளை சொன்னதைக் கேட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. அவங்களுக்கு மருத்துவம் தெரியுமா? ஆபரேஷன் நூத்துக்கு நூறு சக்சஸ். மனசுல பயத்தை வச்சுக்கிட்டா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்றாராம். ஹவில்தார் உன்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க தம்பி" என்றாராம். நீ, "சார் சொல்றதுதாங்க" என்றாயாம். அன்று சாயங்காலம் எனக்குப் போன் போட்டுக் கத்தினாய். "என் பேரைக் கெடுக்கறதுக்குன்னே பெத்தியாம்மா?" என்றாய். யாரோ ஒரு பொம்பளை என்று உன் முன்னாலேயே என்னைச் சொன்னபோது, அது என் அம்மா என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அது போகட்டும். அந்த மனுஷன் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அதற்கு நீ சொன்ன பதிலைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மேடையில் பேசியது விளம்பரம், சாப்பாட்டில் பேசியது திமிர் என்று வைத்துக்கொண்டாலும், அந்த அறையில் நீ செய்ததற்கு என்ன பெயர் என்று நீயே வைத்துக்கொள்.

ஹவில்தாருக்கு நிம்மதியாகிவிட்டது. டாக்டர்கள் இருவர் சொன்ன பிறகு அவர் எதற்கு என்னை நம்ப வேண்டும்? தைரியமாகத் தோப்புக்குப் போக ஆரம்பித்தார். தேங்காய் வெட்டுகிற நாளில், கட்டைவண்டியில் ஏற்றுவதற்குக் கை கொடுத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. துக்கத்துக்கு நானும் அப்பாவும் போயிருந்தோம். உன்னை வரச்சொல்லிச் சொன்னேன். அறுவை சிகிச்சை இருக்கிறது என்றாய்.

நான் டாக்டர் இல்லை. மெஷினில் போட்டு இரண்டையும் தைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. டேபிளிலேயே போயிருக்கலாம். போயிருந்தாலும் அது அவர் எடுத்த முடிவாக இருந்திருக்கும். உன் அப்பாவுக்கு ஒரு வராந்தாவும், பக்கத்தில் நானும், யோசிக்க நேரமும் கிடைத்தது. அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. நிறுத்தித் தைப்பதா, நிறுத்தாமல் தைப்பதா, காலில் எடுப்பதா, நெஞ்சில் எடுப்பதா, எது யாருக்கு நல்லது என்று நீங்கள் கருத்தரங்கு போட்டு ஆயுசு பூராவும் சண்டை போடுங்கள். அது உங்கள் படிப்பு. ஆனால் அந்தச் சண்டையில் ஜெயிப்பதற்காக ஒரு மனுஷன் உடம்பில் பாதி வேலையை விட்டுவைக்கிறவனை, நான் பெற்றேன் என்று எந்த மேடையில் போய் உட்காருவேன்?

இப்போது போகிற ஊரில் உனக்கு இன்னும் நுணுக்கமான கருவிகள் கொடுப்பார்கள். கை இன்னும் தேறும். எனக்கு அதில் சந்தேகம் இல்லை, உன் விரல் சின்ன வயசிலிருந்தே சுத்தம். படுத்திருக்கிறவரிடம் போய், "இதைச் செய்தேன், இதைச் செய்யவில்லை" என்று சொல்வதற்கு அங்கே யாராவது கற்றுக்கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அதை அங்கே போய்க் கற்க வேண்டியதும் இல்லை. விமானம் ஏறுவதற்கு முன்னால் மகாராஜபுரம் போ. வெள்ளத்தாய் வீட்டு வாசலில் நின்று, பின்பக்கத்துக் குழாயை விட்டுவிட்டோம், தெரிந்தே விட்டோம் என்று உன் வாயால் சொல். அவள் திட்டினால் வாங்கிக்கொள். அவள் திட்டமாட்டாள். அது இன்னும் கஷ்டம், அதையும் வாங்கிக்கொள். அதைச் செய்துவிட்டு வந்தால் இந்த வீட்டில் உனக்குச் சோறு உண்டு. செய்யாவிட்டால் ஊருக்குப் போய்க் கடிதம்கூடப் போட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடை மாடியில் உங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு பெரிய போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஹவில்தார் சட்டையில்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறார், மார்பில் ஒரு சின்னச் சிவப்புக் கோடு. அவர் செத்துப் பல மாதமாகியும் அவர் அங்கே நிற்கிறார். உன்னிடம் சொன்னபோது, "அது விளம்பரம் பாக்குறவங்க வேலைம்மா, எனக்குச் சம்பந்தமில்லை" என்றாய். வெள்ளத்தாய் ரேஷனுக்கும் பென்ஷனுக்கும் அந்தப் பஸ் ஸ்டாண்டில்தான் இறங்கி ஏற வேண்டும். போன வாரம் நான் அவளைப் பார்த்தபோது உன்னைப் பற்றியோ ஆபரேஷனைப் பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் படத்துக்கு மட்டும் ஏதாவது செய்யச் சொல்லுங்கம்மா. ஊரு பூரா பாக்க உடம்பக் காட்டிக்கிட்டு நிக்காவ" என்றாள்.

நான் உங்கள் ஆஸ்பத்திரியிடம் கேட்கவில்லை. போர்டு எழுதுகிற பெயிண்டர் ஒருவரை அப்பா விசாரித்துக் கண்டுபிடித்தார். நேற்று காலையில் அவர் ஏணி போட்டு ஏறினார். நானும் அப்பாவும் வெள்ளத்தாயும் கீழே நின்றோம். அவர் மேலேயிருந்து, "ஏம்மா, சட்டை வரைஞ்சா அந்தத் தழும்பு மறைஞ்சு போயிரும்லா. அதக் காட்டத்தான போர்டே வச்சிருக்காவ?" என்றார். "மறையட்டும். வரைங்க" என்றேன். உங்கள் ஆட்கள் வந்து கேட்டால் உன் அம்மாதான் செய்தாள் என்று தாராளமாகச் சொல். வெள்ளைச் சட்டை, முழுக்கை. தோளில் இருந்து கீழே வரைந்துகொண்டே வந்து கழுத்தருகில் நிறுத்தினார்.

"மேல் பட்டனத் திறந்து விட்டாப்ல வரையட்டா? அதான் இப்ப எல்லாரும் போடுதாவ."

நான் வாயைத் திறப்பதற்குள் வெள்ளத்தாய் அண்ணாந்து பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "எல்லாப் பட்டனையும் போட்டு விடுப்பா. அவிய பட்டன் போடாம வாசலுக்குக்கூட வரமாட்டாவ."

இப்படிக்கு,
அம்மா